பினாங்கில் ஓடப் பழகுவோருக்கு

பினாங்கில் ஓடத் தொடங்கி ஒரு மாதத்தில் கைவிட்டவர்களிடம் காரணம் கேட்டுப் பாருங்கள். முழங்கால் வலி, வெயில், வேலைப்பளு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். இன்னும் கொஞ்சம் துருவினால் பெரும்பாலும் கதை ஒன்றுதான்: பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் நூறு மீட்டர் ஓடியதை நினைத்துக்கொண்டு முதல் நாளே பாய்ந்திருக்கிறார்கள். இளைஞர் பூங்காவில் பாதிச் சுற்று முடிவதற்குள் நெஞ்சு அடைத்து, மறுநாள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு மாடிப்படி இறங்கி, "இதெல்லாம் நமக்கு ஒத்துவராது" என்று காலணியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டிருக்கிறார்கள்.

அவர்களுக்கு ஒத்துவராதது வேகம் மட்டுமே. மெதுவாக ஓடத் தெரிந்துகொண்டால் நாற்பது வயதிலும் ஐம்பது வயதிலும் ஓட்டம் பழகிவிடும். மெதுவாக என்றால், தினமும் விறுவிறுப்பாக நடக்க வரும் பாட்டி உங்களைத் தாண்டிப் போகும் அளவுக்கு மெதுவாக. அந்த வெட்கத்தை முதல் வாரத்திலேயே விழுங்கிவிடுங்கள். இனி வரும் யோசனைகளில் பாதி இதைச் சுற்றித்தான் இருக்கும்.

ஓடுவதால் என்ன கிடைக்கும்

முதலில் கசப்பான செய்தி. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய் ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருப்பது தெரியவந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களே முதலிடம்: 31.4 விழுக்காடு. பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கல்யாணப் பந்தியில் மூன்று பேர் பாயசத்தை ஒதுக்கியாக வேண்டும் என்று கணக்கு. அவர்கள் ஒதுக்குகிறார்களா என்பது வேறு விஷயம். ஓடும்போது தசைகள் இன்சுலினின் துணையை அதிகம் எதிர்பாராமலேயே இரத்தத்திலிருந்து சர்க்கரையை எடுத்துக்கொள்கின்றன. ஓடி முடித்த பிறகும் பல மணி நேரம் உடல் இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதயத்துக்குக் கிடைக்கும் நன்மைக்கு நல்ல சான்று இருக்கிறது. அமெரிக்காவில் 55,000க்கும் மேற்பட்டவர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2014இல் வெளியான ஆய்வில், ஓடுபவர்கள் இதயம், இரத்தநாளம் தொடர்பான நோய்களால் இறக்கும் வாய்ப்பு ஓடாதவர்களைவிட ஏறத்தாழ 45 விழுக்காடு குறைவாக இருந்தது. அதில் நமக்கு வேண்டிய செய்தி இன்னொன்று: நாளுக்கு ஐந்து முதல் பத்து நிமிடம், அதுவும் மிக மெதுவாக ஓடியவர்களுக்கும் அந்த நன்மை பெருமளவு கிடைத்திருக்கிறது.

"ஓடினால் முழங்கால் தேய்ந்துவிடும்" என்று உங்கள் பெரியப்பா கட்டாயம் சொல்வார். 2017இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 விழுக்காட்டினருக்குத்தான் இடுப்பு அல்லது முழங்கால் மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்திருந்தவர்களில் அது 10.2 விழுக்காடு. போட்டிகளுக்காகக் கடுமையாக ஓடுபவர்களுக்கு 13 விழுக்காட்டைத் தாண்டியது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அளவோடு ஓடும் முழங்காலுக்குப் பயமில்லை. பெரியப்பாவோடு வாதாட வேண்டாம். கூடவே நடக்க அழைத்துப் போங்கள், போதும்.

எண்களில் அடங்காத நன்மைகள்தான் ஆளைத் தொடர்ந்து ஓட வைக்கின்றன. ஓடிய அன்று இரவு படுத்தவுடன் தூக்கம் வரும். அலுவலகத்தில் யாராவது எரிச்சல் மூட்டினாலும் அது உடம்பில் ஒட்டாது. அதோடு ஊர் புதிதாகத் தெரியும். விடியற்காலையில் எஸ்பிளனேட் கடற்கரையிலிருந்து புறப்பட்டு மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் சாலை வழியாக ஓடிப் பாருங்கள். 1818இல் கட்டிய செயின்ட் ஜார்ஜ் தேவாலயம், ஊதுவத்திப் புகை சூழ்ந்த குவான்யின் கோயில், பக்கத்துக் குவீன் தெருவில் மகா மாரியம்மன் கோபுரம், தமிழ் முஸ்லிம்கள் 1801இல் எழுப்பிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் எல்லாம் ஒரு கிலோமீட்டருக்குள் வந்துவிடும். காரில் போனால் நிறுத்த இடம் தேடுவதிலேயே கண் போய்விடுகிறது. கால்நடையாகப் போகும்போதுதான் பூக்கடைக்காரர் மல்லிகைக் கூடையைப் பிரிப்பது தெரிகிறது.

ஓட்டம் நமக்கு அந்நியமான விளையாட்டும் இல்லை. 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டியில் 100 மீட்டர், 200 மீட்டர், தொடர் ஓட்டம் என்று மூன்று தங்கம் வென்ற மணி ஜெகதீசன் ஒரு மருத்துவர். 'பறக்கும் மருத்துவர்' என்றே அவரை அழைத்தார்கள். அதே போட்டியில் பெண்கள் 400 மீட்டரில் தங்கம் வென்றவர் எம். ராஜாமணி. அவர்கள் வேகத்துக்கு ஓடியவர்கள். நாம் வேறு வகை என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் சரி.

முதல் அடிக்கு முன்: மருத்துவரும் காலணியும்

நாற்பது வயதைத் தாண்டியவர்கள், இரத்த அழுத்தம், நீரிழிவு, இதய நோய் உள்ளவர்கள், குடும்பத்தில் இளம் வயதிலேயே மாரடைப்பு வந்தவர்கள் ஆகியோர் முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். பக்கத்து அரசாங்கக் கிளினிக்கே போதும். இன்சுலின் போடுபவர்களும், சர்க்கரையை வேகமாக இறக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களும், ஓடுவதற்கு முன் குத்திப் பார்த்து அளவு 5 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் ஒரு வாழைப்பழமோ இரண்டு பிஸ்கட்டோ சாப்பிட்டுவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். சட்டைப் பையில் மிட்டாய் இருக்கட்டும். ஓடி முடித்ததும் காலுறையைக் கழற்றிப் பாதத்தை விரல் இடுக்கு வரை பாருங்கள். உணர்ச்சி மங்கிய பாதத்தில் கொப்புளம் வந்தால் வலிக்காது. வலிக்காததே அங்கு ஆபத்து.

செலவு செய்ய வேண்டிய பொருள் காலணி ஒன்றுதான். விளையாட்டுக் காலணி என்று பொதுவாக விற்பதை விடுத்து, ஓட்டத்துக்கென்றே செய்ததைக் கேளுங்கள். பூப்பந்துக் காலணி பக்கவாட்டு அசைவுக்காகச் செய்தது, நேராக ஓடுவதற்கு உதவாது. கடைக்கு மாலையில் போங்கள். நாள் முழுக்க நின்று நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும், ஓடும்போதும் அப்படித்தான் வீங்கும். ஓடும்போது போடப்போகும் காலுறையையே அணிந்து பாருங்கள். எழுந்து நின்றபடி, நீளமான கால்விரலுக்கும் காலணி முனைக்கும் இடையே கட்டைவிரல் அகலம் இடம் இருக்கிறதா என்று அழுத்திப் பாருங்கள். பிறகு கடைக்குள்ளேயே இரண்டு முறை ஓடிப் பாருங்கள். கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும். குதிகால் தூக்கினால் அது உங்கள் காலணி இல்லை. "போடப் போடத் தளர்ந்துவிடும்" என்று சொன்னால் நம்ப வேண்டாம். சென்ற ஆண்டு வந்த மாடல் பெரும்பாலும் தள்ளுபடியில் கிடைக்கும், வண்ணத்தைத் தவிர வேறு பெரிய வித்தியாசம் இராது. 500 முதல் 800 கிலோமீட்டர் வரை ஓடிய பிறகு அடிப்பாகத்தின் மெத்தென்ற தன்மை போய்விடும், அப்போது மாற்றினால் போதும்.

நம் ஊர் ஈரப்பதத்தில் நனைந்த காலணியை அப்படியே அலமாரியில் வைத்தால் இரண்டே நாளில் வீடு முழுக்க நாறும். உள்ளட்டையை உருவி எடுத்து, பழைய செய்தித்தாளைக் கசக்கித் திணித்து, காற்றாடிக்கு எதிரே வையுங்கள். கடும் வெயிலில் காய வைத்தால் பசை விட்டுப்போகும்.

உடையில் பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்துக் கனத்து உடம்பை உரசும். இரவுச் சந்தையில் விற்கும் மெல்லிய பாலியஸ்டர் சட்டை போதுமானது. தொடை இடுக்கிலும் அக்குளிலும், ஆண்கள் மார்புக் காம்பிலும், பெட்ரோலியம் ஜெல்லி தடவிக்கொள்ளுங்கள். இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. குளிக்கும்போது தண்ணீர் பட்டு எரிந்த பிறகுதான் தெரிகிறது. பெண்கள் ஓட்டத்துக்கேற்ற இறுக்கமான விளையாட்டு உள்ளாடையில் மட்டும் சிக்கனம் பார்க்க வேண்டாம். மற்றபடி பஞ்சாபி உடையில் துப்பட்டாவை வீட்டில் விட்டுவிட்டு ஓடினாலும் யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

நம் வீட்டுப் பழக்கங்களுக்கும் இரண்டு வார்த்தை. தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டு ஓடினால் பத்தாவது நிமிடத்தில் வியர்வையோடு சேர்ந்து கண்ணில் இறங்கும். எரிச்சலில் சாலை தெரியாது. எண்ணெய்க் குளியலை ஓடி முடித்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். மெட்டி அணிந்த விரல் காலணிக்குள் நசுங்கிக் கன்றிப்போகும். கழற்ற மனமில்லாதவர்கள் மெல்லிய ஒட்டுத்துணி சுற்றி, கொஞ்சம் அகலமான காலணி வாங்குங்கள். தாலிச் சங்கிலி சட்டைக்குள் இருக்கட்டும், வேறு நகை வேண்டாம். மோட்டார் சைக்கிளில் வந்து பறிப்பவர்கள் உடற்பயிற்சிக்கு மரியாதை தருவதில்லை.

எங்கே ஓடுவது, எப்போது

புதியவர்களுக்கு இளைஞர் பூங்காதான் என் முதல் தேர்வு. மரநிழல் இருக்கிறது, கழிப்பறை இருக்கிறது, பாதி வழியில் முடியாமல் போனால் உட்காரக் கல்லிருக்கை இருக்கிறது. காலையில் கூட்டம் இருப்பதால் தனியாக வரும் பெண்களுக்கும் தைரியம். அடுத்தது, தண்ணீர்மலை அடிவாரத்தில் 1884இல் அமைத்த தாவரவியல் பூங்கா. நுழைவுக் கட்டணம் இல்லை. ஜெட்டியிலிருந்து 10ஆம் எண் பஸ் அதன் வாசல் வரை போகிறது. உள்ளே பாதை ஏறி இறங்கும். முதல் மாதம் ஏற்றத்தில் நடங்கள், இறக்கத்தில் கட்டுப்படுத்தி ஓடுங்கள்.

அங்கே குரங்குகள் உண்டு. நீண்ட வால் குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் பை என்றாலே சாப்பாடு என்று அர்த்தம். கையில் பை வேண்டாம். கண்ணோடு கண் பார்க்காதீர்கள், பல்லைக் காட்டிச் சிரிக்காதீர்கள், ஏனென்றால் அவற்றின் மொழியில் அது சண்டைக்கு அழைப்பு. கூட்டமாகப் பாதையில் உட்கார்ந்திருந்தால் ஓட்டத்தை நிறுத்தி, ஓரமாக நடந்து தாண்டுங்கள். தெரு நாய்க்கும் இதே வைத்தியம்: நில்லுங்கள், நடங்கள், முதுகைக் காட்டி ஓடாதீர்கள்.

சமதளம் வேண்டுமென்றால் கர்னி டிரைவ் கடலோரமும், தெற்கே இருப்பவர்களுக்குக் குவீன்ஸ்பே பக்கத்துக் கடலோரமும் நல்லவை. கர்னியில் காலை ஏழரைக்கு மேல் வெயில் நேராக முகத்தில் அடிக்கும். ஆயர் ஈத்தாம் அணைக்கட்டுப் பாதை அழகானது, ஆனால் அங்கே போய்ச் சேரும் மலைச் சாலையே ஒரு பயிற்சி. தாவரவியல் பூங்கா வாசலிலிருந்து பினாங்கு மலைக்கு ஏறும் ஜீப் பாதையைப் பற்றி யாராவது ஆசை காட்டினால் ஓர் ஆண்டு தள்ளிப்போடுங்கள். ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டரும் செங்குத்து. தண்ணீர்மலை முருகன் கோயிலின் 513 படிகளைப் பயிற்சிக்கூடமாக்குவதும் எனக்கு உடன்பாடில்லை. அங்கே சாமி கும்பிட ஏறுங்கள், தொடைக்கு வேலை தானாகக் கிடைக்கும்.

நேரம் பற்றிக் கொஞ்சம் விவரமாகவே சொல்ல வேண்டும். 1982இல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டதிலிருந்து நமக்குச் சூரியன் தாமதமாகத்தான் வருகிறது. பினாங்கில் சூரியோதயம் ஏறத்தாழ ஏழிலிருந்து ஏழரைக்குள். ஆறே முக்காலுக்கு வெளுக்கத் தொடங்கும், எட்டரைக்குள் வீட்டுக்கு வந்துவிட வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் ஆறு மணிக்கே இருட்டில் ஓடுவதானால் வெளிர்நிறச் சட்டை, ஒளி தெறிக்கும் பட்டை, விளக்கு உள்ள பாதை மூன்றும் அவசியம். சாலையில் ஓட நேர்ந்தால் வலப்பக்கமாக, எதிரே வரும் வண்டி உங்கள் கண்ணில் படும்படி ஓடுங்கள். காதில் பாட்டு வேண்டாம், அல்லது ஒரு காதில் மட்டும்.

மாலை ஓட்டத்தில் இடி மழையையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். செப்டம்பர், அக்டோபரில் அது அதிகம். மழையில் நனைந்தால் ஒன்றும் ஆகாது, மின்னலில்தான் ஆபத்து. இடிச் சத்தம் கேட்டால் ஓட்டம் முடிந்தது என்று வைத்துக்கொண்டு கட்டடத்துக்குள் போய்விடுங்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே வர வேண்டும். மரத்தடியில் ஒதுங்கக் கூடாது.

சில ஆண்டுகளில் ஜூன் முதல் செப்டம்பர் வரை சுமத்திராவிலிருந்து புகைமூட்டம் வரும். சுற்றுச்சூழல் துறை வெளியிடும் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100ஐத் தாண்டிவிட்டால் வெளியே ஓட வேண்டாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அதற்கு முன்பே நிறுத்திக்கொள்ளலாம்.

பத்து வாரத் திட்டம்

வாரத்தில் மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. திங்கள், புதன், சனி என்று வைத்துக்கொண்டால் நினைவில் நிற்கும். ஒவ்வொரு நாளும் ஐந்து நிமிட நடையில் தொடங்கி ஐந்து நிமிட நடையில் முடியும்.

முதல் இரண்டு வாரம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை. இதை எட்டு முறை செய்யுங்கள். கைப்பேசியில் மணி வைத்துக்கொள்ளலாம். 'இவ்வளவுதானா' என்று தோன்ற வேண்டும். தோன்றாவிட்டால் வேகம் அதிகம்.

மூன்றாம், நான்காம் வாரம்: இரண்டு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, ஆறு முறை. ஐந்தாம், ஆறாம் வாரம்: மூன்று நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஆறு முறை. பலரும் தடுக்கி விழுவது இங்கேதான். நடை நேரம் பாதியாகக் குறைவதால் மூச்சு திரும்ப நேரம் போதாது. அதே வாரத்தை இன்னொரு முறை செய்வதில் எந்தக் குறைவும் இல்லை, திட்டம் பன்னிரண்டு வாரமாகிப் போனால் போகட்டும். ஏழு, எட்டில் ஐந்து நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை, ஐந்து முறை. ஒன்பதாம் வாரம் பத்து நிமிடம் ஓடி இரண்டு நிமிடம் நடந்து மறுபடியும் பத்து நிமிடம். பத்தாம் வாரம் இருபத்தைந்து நிமிடம் நிற்காமல். தூரத்தை அளக்க வேண்டாம். அளந்தே தீருவேன் என்பவர்களுக்கு: ஒரு கிலோமீட்டருக்கு எட்டு, ஒன்பது நிமிடம் ஆனால் அது சரியான தொடக்க வேகம்.

வேகம் சரிதானா என்று பார்க்கக் கைக்கடிகாரம் தேவையில்லை. ஓடிக்கொண்டே தமிழ் மாதங்களைச் சித்திரை, வைகாசி, ஆனி என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மூன்று மூன்றாகச் சொல்லி இடையில் ஒரு மூச்சு வாங்கிப் பங்குனி வரை வந்துவிட்டால் வேகம் பொருத்தம். ஆடியிலேயே திணறினால் குறையுங்கள். இளைஞர் பூங்காவில் மூச்சு இரைக்க ஓடிவந்த ஓர் இளைஞனைப் பார்த்து, நடைக்கு வந்திருந்த பெரியவர் ஒருவர் "என்ன தம்பி, யாராவது துரத்துகிறார்களா?" என்று கேட்டார். பயிற்சியாளர்கள் பத்துப் பக்கத்தில் எழுதுவதை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

ஓடும்போது உடம்பை வைத்துக்கொள்ளும் விதத்தில் மூன்றைக் கவனியுங்கள். காலடி குட்டையாக இருக்கட்டும், பாதம் உடம்புக்குக் கீழேயே விழட்டும், முன்னால் எட்டிப் போட வேண்டாம். பார்வை பத்துப் பதினைந்து மீட்டர் முன்னே. தோளும் கைகளும் தளர்ந்திருக்கட்டும், கைவிரல்களை இறுக மடக்கிக் குத்துச்சண்டைக்குப் போவது போல் ஓடுவதால் களைப்புதான் மிஞ்சும். மூக்கால்தான் மூச்சு விட வேண்டும் என்று கட்டாயமில்லை. வாயும் மூக்கும் இரண்டும் வேலை செய்யட்டும்.

குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிய அட்டவணைகளோடு உங்கள் நேரத்தை ஒப்பிடாதீர்கள். நம் ஊர்க் காற்றில் வியர்வை ஆவியாகாமல் சொட்டுவதால் உடல் எளிதில் குளிர்வதில்லை. இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருக்கிறது, அதனால் அதே வேகத்துக்கு அதிகமாகத் துடிக்கிறது. உடல் வெப்பத்துக்குப் பழக இரண்டு வாரம்வரை ஆகும். குளிரூட்டிய அறையில் நாள் முழுக்க வேலை செய்கிறவர்களுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அவசியம்.

வலி வந்தால்

தொடையும் கெண்டைக்காலும் பரவலாக வலித்தால் இரண்டு நாளில் சரியாகிவிடும், நடை தொடரலாம். முன்னங்கால் எலும்பின் உட்பக்கம் வலிப்பது புதியவர்களுக்கு அடிக்கடி வரும். ஓட்டத்தைத் திடீரென்று அதிகமாக்கியதற்கான அறிகுறி அது. ஒரு வாரம் நிறுத்தி, பிறகு இரண்டு வாரம் பின்னே போய்த் தொடங்குங்கள். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் வலி, நொண்ட வைக்கும் வலி, இரவில் எழுப்பும் வலி ஆகியவற்றுக்கு மருத்துவரைப் பாருங்கள். தைலம் தேய்த்துக்கொண்டு ஓடுவது தீர்வாகாது.

நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது ஆகியவை வந்தால் உடனே உட்கார்ந்து 999ஐ அழைக்கச் சொல்லுங்கள். வெயிலில் ஓடும்போது திடீரென்று குளிர்வது போல் மயிர்க்கூச்செறிந்தால், பேச்சு குழறினால், நிழலுக்குப் போய் உடம்பை நனையுங்கள். இந்த இரண்டு விஷயத்திலும் வீம்பு வேண்டாம்.

சாப்பாடும் தண்ணீரும்

அரை மணி நேர ஓட்டத்துக்கு வெறும் வயிறே போதும், நீரிழிவு மருந்து எடுப்பவர்களைத் தவிர. பசித்தால் அரை வாழைப்பழம். கிளம்புவதற்கு முன் ஒரு கோப்பைத் தண்ணீர், வந்ததும் தாகத்துக்கு ஏற்ப. இனிப்புப் பானம் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடுகிறவர்களுக்குத்தான் தேவை. இளநீர் கிடைத்தால் குடியுங்கள், யாரும் தடுக்கவில்லை.

பசியாறும் இடத்தில்தான் கணக்கு உதைக்கும். ஓடும்போது எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகிறது. 70 கிலோ ஆள் மூன்று கிலோமீட்டர் ஓடினால் 210 கலோரி. ஒரு ரொட்டி சானாய் ஏறத்தாழ 300, ஒரு தே தாரேக் அதற்கு மேல் 150க்குக் குறையாது. ஓடியதற்குப் பரிசாக இரண்டு ரொட்டி என்று போனால் மாதக் கடைசியில் எடை கூடியிருக்கும், பழி ஓட்டத்தின் மேல் விழும். இட்லியும் சாம்பாரும், அல்லது அவித்த முட்டையும் ரொட்டியும் போதும். வெள்ளிக்கிழமை ரொட்டி சானாயை நான் கைவிடச் சொல்லவில்லை. அதை ஓட்டக் கணக்கில் எழுத வேண்டாம் என்கிறேன்.

முதல் போட்டி

பத்து வாரம் முடிந்ததும் ஐந்து கிலோமீட்டர் ஓட்டம் ஒன்றில் பெயர் கொடுங்கள். தீவில் ஆண்டு முழுக்க ஏதாவது ஓர் ஓட்டம் நடந்துகொண்டே இருக்கிறது, கட்டணத்தில் சட்டையும் பதக்கமும் அடங்கிவிடும். எண் பட்டையை முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ போய் வாங்க வேண்டும், அடையாள அட்டையை மறக்காதீர்கள். பட்டையின் பின்பக்கத்தில் அவசர தொலைபேசி எண்ணையும், உங்களுக்கு இருக்கும் நோயையும் எழுதுங்கள். புதுக் காலணியையும் அன்றைக்கே கொடுத்த புதுச் சட்டையையும் போட்டு ஓட வேண்டாம். தொடக்கக் கோட்டில் பின்வரிசையில் நில்லுங்கள். முன்வரிசை பாய்ந்து போவதைப் பார்த்து முதல் கிலோமீட்டரில் ஏமாந்துவிடாதீர்கள், அவர்களில் பாதிப்பேர் நான்காவது கிலோமீட்டரில் நடந்துகொண்டிருப்பார்கள், அப்போது தாண்டுவீர்கள்.

எல்லாருக்கும் ஆசை பாலத்தின் மேல்தான். 1985இல் திறந்த 13.5 கிலோமீட்டர் பினாங்குப் பாலத்தில் கால்நடையாகப் போக மற்ற நாள்களில் அனுமதியில்லை. ஆண்டிறுதியில் நடக்கும் பாலம் மாரத்தான்தான் வாய்ப்பு. முழு மாரத்தான் நள்ளிரவு தாண்டியதுமே தொடங்கிவிடுகிறது. அதன் 10 கிலோமீட்டர் பிரிவே புதியவர்களுக்குப் போதுமானது. அதற்கு, ஐந்து கிலோமீட்டரை எளிதாக ஓட முடிந்த பிறகு இன்னும் இரண்டு, மூன்று மாதம் தேவை. சனிக்கிழமை ஓட்டத்தை மட்டும் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டுங்கள், நான்காவது வாரம் குறைத்துக்கொள்ளுங்கள், மற்ற இரண்டு நாளும் அப்படியே இருக்கட்டும். பாலத்தில் ஏற்றமும் கடற்காற்றும் உண்டு என்பதால், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தாவரவியல் பூங்காவின் ஏற்றத்தில் ஓடிப் பழகுங்கள். இடங்கள் விரைவில் நிரம்பிவிடும், பதிவு எப்போது திறக்கிறது என்று ஆண்டின் நடுவிலேயே பார்த்துவையுங்கள். ஓட்டத்தன்று பாயான் பாரு, குவீன்ஸ்பே பக்கத்துச் சாலைகள் மூடப்படும், காரைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வருவதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். ஓட்டம் முடிந்த வாரத்தில் நடை மட்டும் போதும். அடுத்த வாரம் மூன்று நாளும் இருபது நிமிடத்திலிருந்து மறுபடியும் தொடங்கலாம்.